இரவு விருந்துக்கு ஒரு விமானம்

லண்டனில் கேரிக் கிளப் என்று ஒன்று இருக்கிறது. 1831-ல் ஆரம்பித்தது. நடிகர்கள், நீதிபதிகள், பத்திரிகை ஆசிரியர்கள் எனப் பெரிய மனிதர்கள் டை கட்டிக்கொண்டு சாப்பிடப் போகும் இடம். பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2024 வரை அதற்கு மனசு வரவில்லை. 2021 நவம்பர் 2-ம் தேதி இரவு, சீப்பையே பார்த்திராத தலையோடு ஒருவர் அந்த கிளப்பிலிருந்து வெளியே வரும் படத்தை 'டெய்லி மிரர்' நாளிதழ் வெளியிட்டது. அவர் அப்போதைய பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன். விருந்தில் உடன் இருந்தவர் சார்லஸ் மூர். 'டெய்லி டெலிகிராஃப்' இதழின் முன்னாள் ஆசிரியர், ஜான்சன் அங்கே வேலை பார்த்தபோது அவருக்கு மேலே இருந்தவர், காலநிலை எச்சரிக்கைகளைச் சந்தேகக் கண்ணோடே பார்த்து எழுதிவருபவர்.

பிரதமர் பழைய சகாக்களோடு உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன தப்பு? ஒன்றுமில்லை. அன்று பகலில் அவர் எங்கே இருந்தார் என்பதுதான் விஷயம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், ஐ.நா. காலநிலை மாநாட்டில். 'காப் 26' என்று அழைக்கப்பட்ட அந்த மாநாட்டை நடத்தியதே பிரிட்டன்தான். முந்தைய நாள் ஜான்சன் மேடையேறி, ஜேம்ஸ் பாண்டை வெடிகுண்டோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி உலகம் மாட்டிக்கொண்டிருக்கிறது, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம்தான் பாக்கி என்று தலைவர்களை எச்சரித்திருந்தார். அதே நாள், அதே மாநாட்டில்தான் நம் பிரதமர் மோடி, சூழலுக்கு ஏற்ற வாழ்க்கை முறையை மக்கள் இயக்கமாக்க வேண்டும் என்று 'லைஃப்' என்ற சொல்லை முன்வைத்தார். மறுநாள் மாலை ஜான்சன், அரசு வாடகைக்கு எடுத்திருந்த விமானத்தில் ஏறி லண்டனுக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

கிளாஸ்கோ - லண்டன், ஏறக்குறைய சென்னை - திருநெல்வேலி தூரம். ரயிலில் நாலரை மணி நேரம். ஏன் விமானம் என்று நிருபர்கள் கேட்டபோது, பிரதமருக்கு நேரம் முக்கியம், விமானத்துக்குப் போடுவதும் பசுமை எரிபொருள் என்று அலுவலகம் பதில் சொன்னது. எதற்காக அந்த அவசரம் என்பது படம் வந்த பிறகுதான் புரிந்தது. நவம்பர் 10-ம் தேதி அவர் மறுபடி கிளாஸ்கோ போனார். இந்த முறை ரயிலில். எட்டு நாளில் நேரம் எங்கிருந்து கிடைத்தது என்பது அவருக்கே வெளிச்சம்.

'படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில்' என்று சொல்லிவிட்டு இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். உலகம் முழுக்க அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் அந்த விமானம் விட்ட புகை, உலகக் கணக்கில் சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம். ஒரு தலைவர் விடும் புகைக்கும் அவர் போடும் சட்டத்துக்கும் சம்பந்தம் உண்டா? அதைத் தெரிந்துகொள்ள, பிரிட்டனின் பிரதமர்கள் மூன்று பேரை வரிசையாக நிறுத்திப் பார்ப்பது போதும்.

காரில் வந்த ஷூ

2005 டிசம்பரில் கன்சர்வேடிவ் கட்சிக்குத் தலைவரானார் டேவிட் கேமரன். கட்சிக்கு இருந்த முதலாளிமார் கட்சி என்ற பெயரைக் கழுவ வேண்டியிருந்தது. பச்சை நிறம் கைகொடுத்தது. 2006 ஏப்ரலில் நார்வேயின் ஸ்வால்பார்ட் பனித்தீவுகளுக்குப் போய், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியோடு படம் எடுத்துக்கொண்டார். லண்டனில் வீட்டிலிருந்து நாடாளுமன்றத்துக்கு சைக்கிள் மிதித்தார்.

அதே மாதம் குட்டு உடைந்தது. சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கார் வந்துகொண்டிருந்தது. உள்ளே டிரைவர், கேமரனின் கோப்புகள், நாடாளுமன்றத்தில் அவர் மாட்டிக்கொள்ள வேண்டிய ஷூ. சைக்கிள் இல்லாவிட்டால் ஒரு கார். சைக்கிள் இருந்ததால் ஒரு காரும் ஒரு சைக்கிளும். நம் ஊரில் மரம் நடு விழாவுக்குப் போய், பத்துக் கன்றுக்கு முப்பது கார் நிற்பதை எண்ணிப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

2010-ல் கேமரன் பிரதமரானார். 2013 கடைசியில், மின்கட்டணத்தோடு வசூலாகும் பசுமை வரிகளை மிகக் கொச்சையான ஒரு வார்த்தையால் குறிப்பிட்டு, 'அதையெல்லாம் தூக்குங்கள்' என்று சொன்னதாக 'தி சன்' நாளிதழ் எழுதியது. அவர் அலுவலகம் மறுத்தது. வார்த்தை எதுவானாலும், வேலை நடந்தது. வெளிக்குளிர் உள்ளே வராமல் வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் காப்பு போடும் திட்டத்துக்கான நிதிப் பொறுப்பு குறைக்கப்பட்டது, அந்தப் பணிகள் படுத்துவிட்டன. 2015-ல் இங்கிலாந்தின் நிலப்பரப்பில் புதுக் காற்றாலைகள் வருவதை ஏறக்குறைய முடக்கும் விதிகள் வந்தன. கார்பன் வெளியிடாத வீடுகளை மட்டுமே இனி கட்ட வேண்டும் என்ற திட்டமும் அதே ஆண்டு ரத்தானது. 2022-ல் உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியபோது, காப்பு போடாத வீடுகளில் குளிரில் நடுங்கியவர்கள் அந்த மிச்சத்துக்கான வட்டியைக் கட்டினார்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிலக்கரி மின்சாரத்தை விலைபோகாமல் ஆக்கிய கார்பன் விலை 2013-ல் வந்தது இதே கேமரன் ஆட்சியில்தான். 2012-ல் பிரிட்டன் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரி. 2024 செப்டம்பர் 30-ம் தேதி, ராட்கிளிஃப் என்ற கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. உலகத்துக்கே நிலக்கரி மின்சாரத்தை அறிமுகப்படுத்திய நாட்டில், பன்னிரண்டே ஆண்டில் அது பூஜ்யம். எத்தனை எம்.பி.க்கள் சைக்கிள் மிதித்திருந்தாலும் இது நடந்திருக்காது. கணக்குப் புத்தகத்தில் இருந்த ஒரு வரி செய்த வேலை.

ஜான்சன் கதை இதற்குத் தலைகீழ். விருந்துக்கு விமானம் பிடித்த அதே ஆசாமிதான் 2020-ல், பெட்ரோல், டீசல் கார்களின் புது விற்பனை 2030-க்குப் பிறகு கிடையாது என்று அறிவித்தவர். 2035-க்குள் நாட்டின் உமிழ்வை 1990-ம் ஆண்டு அளவிலிருந்து 78 சதவீதம் குறைக்கும் இலக்கைச் சட்டமாக்கியதும் அவர் அரசுதான். ஆளைப் பார்த்தால் விமானம், கோப்பைப் பார்த்தால் பச்சை. சைக்கிள்காரரை நம்பி ஏமாந்தவர்கள், விமானக்காரரை எந்தக் கணக்கில் வைப்பது?

அல் கோர் வீட்டு கரண்ட் பில்

தலைவர்கள் விடும் புகையை எண்ணும் இந்த விளையாட்டைப் பிரபலமாக்கிய ஆட்டம் அமெரிக்காவில் நடந்தது. 2007 பிப்ரவரி 25-ம் தேதி இரவு, முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோர் நடித்த, இல்லை, பேசிய 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. மறுநாளே டென்னசி மாநிலத்தின் ஒரு வலதுசாரிச் சிந்தனை அமைப்பு அவர் வீட்டு மின்கட்டணத்தை எடுத்து வெளியே போட்டது. நாஷ்வில் அருகே உள்ள அந்த மாளிகை 2006-ல் செலவழித்தது ஏறக்குறைய 2,21,000 யூனிட். சராசரி அமெரிக்க வீடு 10,656 யூனிட்.

நம் கணக்கில் போட்டுப் பார்த்தால் உறைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்க வரும்போது 500 யூனிட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்று ஏ.சி.யை அணைத்துப் படுக்கிற ஊர் நமது. சராசரி அமெரிக்க வீட்டின் இரண்டு மாதக் கணக்கு சுமார் 1,776. கோர் வீட்டுக்கு 36,800.

கோர் தரப்பு சொன்ன பதில்: அது வீடு மட்டுமல்ல, அலுவலகமும்தான், கூடுதல் விலை கொடுத்துப் பசுமை மின்சாரம் வாங்குகிறோம், விடுகிற புகைக்கு ஈடாக வேறு இடத்தில் பணம் போடுகிறோம். பிறகு வீட்டில் சூரியத் தகடுகள் வந்தன, பூமிக்கடியின் வெப்பத்தைப் பயன்படுத்தும் அமைப்பு வந்தது, பசுமைக் கட்டடச் சான்றிதழும் வந்தது. அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அந்த வருடம் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவோடு சேர்ந்து அவர் பெற்ற நோபல் பரிசைவிட அந்த பில்தான் அதிகம் பேசப்பட்டது.

பில்லை வெளியிட்டவர்களின் நோக்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது அல்ல. 'இவரே இப்படி என்றால், இவர் சொல்லும் விஞ்ஞானமும் இப்படித்தான்' என்று சொல்லாமல் சொல்வது. டாக்டர் சிகரெட் பிடிக்கிறார், ஆகவே புகையிலையால் புற்றுநோய் வராது என்பதைப் போல. அதற்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. 2019-ல் ஐஸ்லாந்தில் ஒரு காலநிலை விருதை வாங்க அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி தனி விமானத்தில் போனார். உலகம் சுற்றி இந்தப் போரை நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு வேறு வழி இல்லை என்றார். அதே ஆண்டு கனடா தேர்தலில் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பிரசாரத்துக்கு இரண்டு விமானம் வைத்திருந்ததைத் தொலைக்காட்சி விவாதத்தில் எதிராளி போட்டு உடைத்தார். ஸ்வீடனின் இளம் காலநிலைப் போராளி கிரெட்டா துன்பெர்க் 2019-ல் விமானம் ஏறாமல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தால், அந்தப் படகைத் திருப்பிக் கொண்டுவர ஆட்கள் விமானத்தில் வர வேண்டுமே என்று எண்ணினார்கள். எண்ணியவர்கள் பெரும்பாலும் தங்கள் பயணங்களை எண்ணியிருக்க மாட்டார்கள்.

'கார்பன் தடம்' என்ற அளவுகோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-களின் நடுவில் அதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது பிபி என்ற எண்ணெய் நிறுவனம். உங்கள் தடம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க இணையத்தில் கால்குலேட்டர் வைத்து, விளம்பரமும் செய்தது. எண்ணெயைத் தோண்டி விற்பவர், வாங்குபவனைப் பார்த்து 'உன் தடம் எவ்வளவு?' என்று கேட்ட சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

அதற்காக, தலைவர்கள் எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட முடியாது. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஷஹஸீன் அட்டாரியும் சக ஆய்வாளர்களும் 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓர் ஆய்வாளர் மின்சாரத்தைச் சேமிக்கும்படி ஆலோசனை சொல்கிறார். அவர் அடிக்கடி விமானம் ஏறுபவர், அவர் வீட்டிலேயே மின்சாரம் கொட்டுகிறது என்று தெரிந்தால் கேட்பவர்கள் என்ன செய்வார்கள்? ஆளை நம்புவது குறைந்தது, ஆலோசனையைப் பின்பற்றும் எண்ணமும் குறைந்தது. அதிலும் வீட்டு மின்சாரத்துக்குத்தான் அடி பலம். விமானத்தையாவது மன்னிக்கிறார்கள். வீட்டில் விளக்கை அணைக்காதவன் சொல்லும் சிக்கனத்தை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அழுத மனிதர்

கிளாஸ்கோ மாநாட்டின் தலைவர் ஆலோக் ஷர்மா. ஆக்ராவில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோரோடு இங்கிலாந்து போனவர். 2021-ல் மாநாட்டுக்கு ஆதரவு திரட்ட ஏழு மாதங்களில் முப்பது நாடுகளுக்குப் பறந்தார் என்று பத்திரிகைகள் அவரைக் கிழித்தன. காணொலியில் பேசியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நேருக்கு நேர் உட்காராமல் ஏழை நாடுகளின் அமைச்சர்களிடம் எதையும் வாங்க முடியாது என்பது அவர் தரப்பு.

நவம்பர் 13-ம் தேதி இரவு. ஒப்பந்தத்தில் நிலக்கரியைப் 'படிப்படியாக ஒழிப்பது' என்று இருந்த வாசகத்தைப் 'படிப்படியாகக் குறைப்பது' என்று மாற்ற இந்தியாவும் சீனாவும் கடைசி நேரத்தில் வற்புறுத்தின. திருத்தத்தை வாசித்தவர் நம் சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ். மேடையில் இருந்த ஷர்மா மன்னிப்புக் கேட்டார். பேச்சு நின்றது, கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடம் கழித்து, வடகடலில் ஆண்டுதோறும் எண்ணெய் உரிமம் வழங்குவதற்கு அவர் கட்சியே மசோதா கொண்டுவந்தபோது, ஆதரிக்க மாட்டேன் என்று சொன்னார். விடும் கார்பனும் உறிஞ்சப்படும் கார்பனும் சமமாக வேண்டும் என்ற 'நிகர பூஜ்ய' இலக்குச் சட்டத்தில் 2019-ல் கையெழுத்திட்ட முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஸ்கிட்மோர், அந்த மசோதாவை எதிர்த்து எம்.பி. பதவியையே விட்டார்.

தடத்தை மட்டும் அளந்தால் முப்பது நாடு சுற்றிய ஷர்மாதான் பெரிய குற்றவாளி, ஒரே ஒரு விருந்துக்குப் பறந்த ஜான்சன் எவ்வளவோ தேவலை. இப்படி ஒரு விடையைக் கொடுக்கிற அளவுகோலை வைத்துக்கொண்டு என்ன செய்ய? எத்தனை கிலோ புகை என்பதைவிட, எதற்காகப் பறந்தார், இறங்கி வந்து எந்தக் கோப்பில் கையெழுத்திட்டார் என்று பார்ப்பதுதான் எனக்கு உருப்படியாகப் படுகிறது.

அப்படிப் பார்த்தால் ஜான்சனின் விமானத்தைவிட முக்கியமான ஒன்று அதற்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 27-ம் தேதி நடந்தது. உலகத் தலைவர்கள் கிளாஸ்கோவுக்கு வந்து இறங்க இன்னும் சில நாளே இருக்கும்போது, நிதியமைச்சர் ரிஷி சுனக் பட்ஜெட் வாசித்தார். உள்நாட்டு விமானப் பயணிகள் மீதான வரியை 13 பவுண்டிலிருந்து 6.50 ஆக, அதாவது சரிபாதியாகக் குறைத்தார். மிக நெடுந்தூரப் பயணங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டினார். அடுத்த மார்ச்சில் ரயில் கட்டணம் 3.8 சதவீதம் ஏறியது. கேரிக் கிளப் படத்துக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த வரிக்குக் கிடைக்கவில்லை. வரியைப் படம் பிடிக்க முடியாதே.

மூன்றாம் வகுப்பு

காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு மூன்றாம் வகுப்பில் இந்தியா முழுக்கச் சுற்றினார். 1917-ல் அந்த அனுபவத்தைத் தனியாக எழுதினார்: நெரிசல், கழிப்பறை, டிக்கெட் கவுன்டரில் படும் அவமானம். அதை வெறும் எளிமை என்று மாலை போட்டு ஒதுக்கிவிட்டோம். எனக்கென்னவோ அது ஒரு நிருபரின் வேலையாகத்தான் தெரிகிறது. அந்தப் பெட்டியில் ஏறாதவருக்கு அந்தக் கட்டுரை வராது. தலைவர்கள் ரயிலில் போக வேண்டும் என்று கேட்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணம் இது ஒன்றுதான். மிச்சமாகும் டீசலுக்காக இல்லை. பிளாட்பாரத்தில் நின்றவருக்குத்தான் ரயில் வராதது உறைக்கும்.

சுனக் பிளாட்பாரத்தில் நிற்கிற ஆள் இல்லை. 2022 அக்டோபரில் பிரதமரானார். 2023 ஜனவரியில் விமானப்படை ஜெட்டில் லீட்ஸ் போனார், பிளாக்பூல் போனார். இரண்டுக்கும் லண்டனிலிருந்து ரயில் உண்டு. மே மாதம் சவுத்தாம்ப்டனில் ஒரு மருந்துக்கடையைப் பார்க்க ஹெலிகாப்டரில் போனார். ரயிலில் ஒன்றேகால் மணி நேர தூரம். மார்ச்சில், யார்க்ஷயரில் அவருடைய மாளிகையில் நீச்சல்குளத் தண்ணீரைச் சூடாக்க உள்ளூர் மின்கட்டமைப்பையே பலப்படுத்த வேண்டியிருந்தது என்று 'கார்டியன்' எழுதியது. செலவு அவருடையதுதான், தப்புச் சொல்ல முடியாது. மின்கட்டணம் கட்ட முடியாமல் உள்ளாட்சிகளின் பொது நீச்சல்குளங்கள் மூடிக்கொண்டிருந்த சமயம் அது.

ஜூலை 31-ம் தேதி, வடகடலில் நூறுக்கும் மேற்பட்ட புது எண்ணெய், எரிவாயு உரிமங்களை அறிவிக்க ஸ்காட்லாந்து போனார். விமானத்தில்தான். காலை வானொலிப் பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டபோது எரிச்சலடைந்தார். காலநிலைக்குத் தீர்வு, யாரும் பறக்கக் கூடாது, விடுமுறைச் சுற்றுலா போகக் கூடாது என்று தடுப்பதுதான் என்று நினைப்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்ற ரீதியில் பதில் சொன்னார். யாரும் தடுக்கச் சொல்லவில்லை. ரயிலில் போகலாமே என்றுதான் கேட்டார்கள்.

செப்டம்பர் 20-ம் தேதி, பெட்ரோல் கார் தடையை 2030-லிருந்து 2035-க்குத் தள்ளிவைத்தார். ஜான்சனே அதைக் கண்டித்தார் என்பது இந்தக் கதையின் வேடிக்கைகளில் ஒன்று. அதே உரையில் சுனக் இன்னும் சிலவற்றை ரத்து செய்வதாக அறிவித்தார். இறைச்சிக்கு வரி, வீட்டுக்கு ஏழு குப்பைத்தொட்டி, விமானப் பயணத்தைக் குறைக்கப் புது வரி. சட்டமாக வராதவற்றை ரத்து செய்தார். ஆனாலும் இல்லாத வரிகளின் பட்டியலில் விமான வரிக்கு இடம் கொடுக்க அவர் மறக்கவில்லை.

டிசம்பரில் துபாயில் அந்த ஆண்டின் காலநிலை மாநாடு. பிரிட்டனிலிருந்து மூன்று பெரிய மனிதர்கள் போனார்கள், மூன்று தனித்தனி விமானங்களில். ஒன்றில் மன்னர் சார்லஸ். ஒன்றில் சுனக். இன்னொன்றில், சில வாரங்களுக்கு முன்புதான் வெளியுறவு அமைச்சராகப் பொறுப்பேற்றிருந்த டேவிட் கேமரன். ஷூவுக்குத் தனி வாகனம் இந்த முறை தேவைப்படவில்லை.

கேலிக்கு அது சரி. அந்த ஆண்டின் உண்மையான சேதம் அதற்கு முன்பே, அக்டோபர் 4-ம் தேதி மான்செஸ்டரில் நடந்துவிட்டது. கன்சர்வேடிவ் கட்சியின் ஆண்டு மாநாடு. லண்டனையும் வடக்கு நகரங்களையும் இணைக்கும் அதிவேக ரயில்பாதை பர்மிங்ஹாமோடு நின்றுவிடும், மான்செஸ்டர் வரை வராது என்று சுனக் மேடையில் அறிவித்தார். மிச்சமாகும் 3,600 கோடி பவுண்டைச் சாலைகளுக்கும் வேறு போக்குவரத்துக்கும் செலவிடுவதாகச் சொன்னார். மண்டபத்தில் கைதட்டினார்கள்.

அந்த மண்டபத்தின் பெயர் மான்செஸ்டர் சென்ட்ரல். 1880-ல் கட்டியது. ரயில்கள் வந்து நிற்பதற்காக எழுப்பிய பிரம்மாண்ட வளைவுக் கூரை இன்னும் அப்படியே இருக்கிறது. 1969-ல் கடைசி ரயில் புறப்படும்வரை அது ஒரு ரயில் நிலையம்.